மூன்றாவது ஓலை

மல்காஜ்கிரி
1934 ஏப்ரல் 15, ஞாயிறு, பிற்பகல் மூன்று இருபது

அன்புள்ள எலிசபெத்துக்கு,

நம் கல்யாண ஓலை கோயிலில் இரண்டு முறை வாசித்தாயிற்று. பாக்கி ஒன்று. "இந்தக் கல்யாணத்துக்கு விக்கினம் அறிந்தவர்கள் சொல்லவும்" என்று சுவாமியார் இரண்டு ஞாயிறும் கேட்டார். அறிந்தவன் நான்தான். வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

வெளியே வந்ததும் உன் அம்மா, "இன்னும் ஒண்ணுதான் மாப்பிள்ளே. அப்புறம் நக்கோ, வேண்டாம்னு சொல்லி ஓட முடியாது" என்றார்கள். சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் காகிதம் எடுத்து உட்கார்ந்துவிட்டேன்.

நான் பட்டறை பிட்டர். சுற்றி வளைத்து எழுதத் தெரியாது. என் பெயர் சூசைராஜ் இல்லை. அது என் அண்ணன் பெயர். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் காலராவில் இறந்தான், பதினாறு வயது. இறந்த ஒன்பதாம் நாள் ரயில்வே பட்டறையில் அவனுக்கு அப்ரண்டிஸ் வேலைக்கு ஆர்டர் வந்தது. அப்பா ஆர்டரையும் அவன் ஞானஸ்நானச் சீட்டையும் என் கையில் கொடுத்தார். "பேரு கேட்டா சூசைராஜுன்னு சொல்லு. வயசு கேட்டா பதினாறு. வேற எதுக்கும் வாயைத் திறக்காதே." எனக்கு அப்போது பதின்மூன்று.

என் பெயர் இன்னாசி. என் வயது இருபத்தெட்டு இல்லை, இருபத்தைந்து. உண்மை வெளியே வந்தால் வேலை போகும். அண்ணன் பெயரிலேயே தாலி கட்டினால் பீடத்தின் முன் பொய் சொன்னவன் ஆவேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் எழுது.

இப்படிக்கு,
எந்தப் பெயர் போடுவது என்று தெரியாத நான்

பெஜவாடா
17-4-34

அன்புள்ள உங்களுக்கு,

பெயர் எழுதக் கை வரவில்லை. மன்னியுங்கள்.

நேற்று இங்கே பள்ளியில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பித்ததில் ஒன்றுகூட என் காதில் விழவில்லை. என் வயது இருபத்தாறு. ஆக, நான் உங்களுக்கு மூத்தவள். அம்மாவுக்குத் தெரிந்தால் வேலை போவதைவிட இதற்குத்தான் அதிகம் அழுவாள்.

எனக்குக் கோபம் வயதால் இல்லை. நிச்சயதார்த்தம் முடிந்து நான்கு மாதம். ஒன்பது கடிதம் எழுதியிருக்கிறீர்கள். லேத் பெல்ட் அறுந்ததை இரண்டு பக்கம் எழுதினீர்கள். இதை எழுத இரண்டு ஓலை வாசிக்க வேண்டியிருந்ததா?

வேலையை விடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பொய்யோடு இருங்கள் என்றும் சொல்ல மாட்டேன். பின்னால் ஒருநாள் "நீதானே சொன்னாய்" என்பீர்கள். மூன்றாவது ஓலையை மட்டும் அந்தப் பெயரில் வாசிக்க விடாதீர்கள். கல்யாணம் வேண்டாம் என்று நான் எழுதவில்லை. வேண்டும் என்றும் எழுதவில்லை.

ஒன்று கேட்கிறேன். உங்கள் அண்ணன் இறந்தது யாருக்கும் தெரியாது என்றால், இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் அவர் ஆத்துமாவுக்கு யார் பூசை வைத்தது?

எலிசபெத்

மல்காஜ்கிரி
1934 ஏப்ரல் 19, வியாழன், காலை ஐந்து நாற்பது

அன்புள்ள எலிசபெத்துக்கு,

உன் கேள்விக்குப் பதில்: யாரும் வைக்கவில்லை. ஆர்டர் வந்த பிறகு அவன் கல்லறைச் சிலுவையில் அப்பா என் பெயரைத்தான் எழுதி வைத்தார். நவம்பர் தோறும் இன்னாசிக்குப் பூசை வைப்போம். முழங்கால் போட்டு எனக்கு நானே மோட்சம் கேட்டேன். அப்பா போன பிறகும் நிறுத்தவில்லை. வேலையைப் பற்றி ஆயிரம் தடவை யோசித்திருக்கிறேன். இதை ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. நீ கேட்ட பிறகுதான் வெட்கமாக இருந்தது.

நேற்று அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறேன் என்றேன். தடுப்பாள் என்று நினைத்தேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை எடுக்காமல், "இனிமேலாவது அவன் பேரைச் சொல்லி அழுவேன்டா" என்றாள்.

தாமதத்துக்குக் காரணம் பயம். வேறு சாக்கு இல்லை. இனிச் செய்யப் போவது:

1. இன்று மாலை சுவாமியாரைப் பார்த்து ஓலையை நிறுத்துவேன். சூசைராஜ் ஆத்துமாவுக்கு ஒரு பூசை கேட்பேன்.

2. அங்கிருந்து நேராக இங்குள்ள உன் வீடு. உன் அப்பா அம்மா இருவரிடமும் நானே சொல்வேன், வயது உட்பட. வெளியே போ என்றால் போவேன்.

3. நாளைக் காலை பட்டறை மேனேஜரிடம் எழுதிக் கொடுப்பேன். வைத்துக்கொண்டால் சரி. இல்லையென்றால் என் டூல் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு வருவேன்.

4. சிலுவையைப் பிடுங்கிப் பெயரை மாற்றி எழுதி நடுவேன். அம்மா கூட வருவாள்.

5. சனிக்கிழமை பெஜவாடா வருவேன். ரயில்வே பாஸ் இருக்காது, டிக்கெட் எடுத்து. என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று உன்னிடம் இன்னாசி இன்னும் கேட்கவில்லை. கேட்பேன்.

இன்னாசி