யாரும் பார்க்காத விமானம்

பிரான்ஸ், நான்சி நகருக்கு அருகே,
1917 பிப்ரவரி 9

என் அன்பு அம்மாவுக்கு ஒக்தாவ் பணிவோடு எழுதுவது. உங்கள் மூட்டுவலி தேவலையா? எனக்கு ஒரு குறையும் இல்லை. என்ஜின் கக்கும் விளக்கெண்ணெய்ப் புகையை விழுங்கி வயிறுதான் தினமும் கலக்குகிறது. இங்கே எல்லா விமானிகளுக்கும் அதே கதிதான்.

செவ்வாய்க்கிழமை ஒரு ஜெர்மன் விமானத்தைச் சுட்டு வீழ்த்தினேன். பயப்படாதீர்கள், என்மேல் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அது மேகத்துக்குள் புகுந்து எதிரியின் பக்கம் விழுந்து தொலைத்தது. நம் ஆட்களில் இன்னொருவர் பார்த்திருந்தால்தான் அது என் பெயரில் சேருமாம். அன்று என்னோடு பறந்தது ஃபிர்மேன்தான். கிறிஸ்துமஸுக்கு நம் வீட்டில் வாத்துக்கறிச் சட்டியை வழித்துத் தின்றானே, அவன்தான்.

பதிவு செய்யப் போனபோது எங்கள் விமானப் படைப்பிரிவின் எழுத்தர் பிஜோ வாயிலிருந்த சிகரெட்டைக்கூட எடுக்காமல் கேட்டான்:

"யாருப்பா பார்த்தது?"

"நான்தான்."

"சுட்டவன் சொன்னா செல்லாது. வேற ஆள் சொல்லணும்."

"ஃபிர்மேன் பார்த்தான்."

"அப்போ அவன வந்து கையெழுத்துப் போடச் சொல்லு."

மேசையில் ஓங்கிக் குத்தினேன். மை கொட்டியது. "அவன் திரும்பி வந்திருந்தா நானே இழுத்துட்டு வந்திருக்க மாட்டேனாய்யா?" என்று கத்தினேன். பிஜோ சாட்சிக் கையெழுத்து இல்லாத படிவத்தை என்னிடமே தள்ளினான். அது என் பையில்தான் இருக்கிறது.

கம்பளிக் காலுறை அனுப்புங்கள். மேலே குளிரில் விரல்கள் மரத்துப்போகின்றன. கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

உங்கள் ஒக்தாவ்

வழக்கம்போல இரண்டு ஜோடியாகவே அனுப்புங்கள், அம்மா. ஃபிர்மேன் கட்டிலை இன்னும் யாருக்கும் கொடுக்க நான் விடவில்லை.