ஒரே கையெழுத்தில் பத்துக் கடிதங்கள்

எப்போதும் எனக்கு முன்னால் நடந்த என் தனம் அக்காவுக்கு,

நீங்கள் போய் முப்பது நாள் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை நம் ஊழியர் சங்கத்தில் உங்களுக்கு அஞ்சலிக் கூட்டம். என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். “ஆயாம்மாங்க ஒருத்தர்கூட விலகாம நின்னாங்களே, அதைச் சொல்லுங்க மேடம்” என்று புதிதாக வந்த நர்சுப் பெண்கள் கேட்கிறார்கள். நீங்கள் கூட்டத்துக்குக் கூட்டம் சொன்ன கதை.

அக்கா, அது அப்படி நடக்கவில்லை. உங்களிடம் சொல்லாததை எல்லோரும் படிக்கட்டும் என்றுதான் இப்படி வெளிப்படையாக எழுதுகிறேன்.

அந்த வருஷம் கார்த்திகைத் தீபத் திருவிழாக் கூட்டத்துக்குக் காலரா ஊசி போட நம் சுகாதார நிலையத்துப் பெண்களைக் கொட்டகை கொட்டகையாகப் போட்டிருந்தார்கள். நாள் முழுக்க நிற்க வேண்டும். ஒதுங்க ஒரு மறைவு கிடையாது. “நாலு பக்கமும் தட்டி கட்டிக் கொடுங்க, அப்புறம் வர்றோம்” என்று சங்கச் செயலாளராக நீங்கள் எழுதிக் கொடுத்தீர்கள். மறுநாளே உங்களைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள்.

ஊழியர்களில் பாதிக்கு மேல் உறுப்பினராக இருந்தால்தான் உங்கள் விஷயமாகச் சங்கத்தோடு பேசுவோம் என்று மேலிடத்தில் சொன்னார்கள். அது தெரிந்துதான் பெரிய டாக்டர் எல்லோரிடமும் சங்கத்திலிருந்து விலகுவதாகக் கடிதம் கேட்டார். நர்சுகள் பலர் தாங்களே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எழுதத் தெரியாத ஆயாக்களும் துப்புரவுப் பெண்களுமாக ஒன்பது பேர் என் மேஜைக்கு வந்தார்கள். பி.ஏ. படித்த கிளார்க் நான்தானே.

“கிளார்க்கம்மா, எனுக்கும் ஒண்ணு எழுதிக் குடும்மா. நாலு புள்ளைங்கள வெச்சிகினு நான் இன்னா பண்ணுவேன்?” என்று முதலில் கேட்டது ஆயா முனியம்மாதான்.

எழுதினேன். ஒன்பது பேருக்கும் எழுதி, கைநாட்டு வாங்கி, பத்தாவதாக என்னுடையதையும் எழுதினேன். என் வீட்டுக்காரரின் மில் மூடியிருந்த நேரம் அது. ஆனாலும் எழுதும்போது என் கை நடுங்கவில்லை அக்கா. அதுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது.

பெரிய டாக்டர் பத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டுத் தூக்கி எறிந்தார். “என்னம்மா இது, எல்லாம் ஒரே கையெழுத்து? நான் மிரட்டி எழுதி வாங்கினேன்னு நாளைக்கு கோர்ட்டுக்குப் போறதுக்கா? அவங்கவங்க கையால எழுதிட்டு வரச் சொல்லு.” பிறகு ஒன்றை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார். “உன்னுது சரியா இருக்கு.”

அந்த நிமிஷம் கை நீட்டி அதைத் திரும்பக் கேட்டிருக்கலாம். ஏன் கேட்கவில்லை?

அந்த ஒன்பது பேரால் எழுத முடியவில்லை. அதனால் சங்கத்திலேயே இருந்தார்கள். பாதியைத் தாண்டி இரண்டே பேர் கூடுதல். அந்தக் கணக்கில்தான் உங்களுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. நீங்கள் வந்ததும் முனியம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதீர்கள். என்னிடம், “உன் கஷ்டம் எனக்குத் தெரியாதா வசந்தா, விடு” என்றீர்கள். நானும் விட்டுவிட்டேன். இரண்டு வருஷம் கழித்து, பயம் தெளிந்த பிறகு, மறுபடி சந்தா கட்டினேன்.

இப்போதைய செய்தியைச் சொல்கிறேன். தினக்கூலிப் பெண்களை நிரந்தரமாக்கச் சொல்லிச் சங்கம் கேட்டதிலிருந்து உறுப்பினர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். மறுபடியும் பாதியை ஒட்டி நிற்கிறோம். புது அதிகாரி விவரமானவர். விலகல் கடிதத்தை அச்சடித்தே கொடுத்துவிட்டார். கையெழுத்தோ கைநாட்டோ போட்டால் போதும். நாளை காலை பத்து மணிக்குள் கொடுக்க வேண்டும்.

இன்று மத்தியானம் முனியம்மா அந்தத் தாளோடு என் மேஜைக்கு வந்தாள்.

“இந்த வாட்டி உனுக்கு வேலையே வெக்கல பாத்தியா, கிளார்க்கம்மா” என்று சிரித்தாள்.

“நீ என்ன பண்ணப் போற முனியம்மா?”

“அப்ப எழுதத் தெரிஞ்சிருந்தா நானும் ஓடித்தான் போயிருப்பேன். அது தெரியாம அந்தம்மா ஊரெல்லாம் என்னைப் பெருமையாச் சொல்லிகினு இருந்துச்சு. கேக்கக் கேக்கக் கூச்சமா இருக்கும். ஒரு வாட்டியாவது அது சொன்னாப்பல இருந்துட்டுப் போறேன். ரிடையராக இன்னும் எட்டு மாசம் கீது. போனாப் போவட்டும்.” தாளை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். “நீ?”

எனக்குக் கொடுத்திருந்த தாளை இழுப்பறையிலிருந்து எடுத்து நானும் நான்காக மடித்தேன்.

அக்கா, உங்களுக்குச் சொல்கிறேன். நாளை பத்து மணிக்கு நானும் அவளும் சேர்ந்து உள்ளே போவோம். இரண்டு தாளும் கையெழுத்தோ கைநாட்டோ இல்லாமலே திரும்பும். ஞாயிற்றுக்கிழமை மேடையில், நடந்ததை நடந்தபடியே சொல்வேன். இந்த வாரம் என் கையெழுத்து இந்தக் கடிதத்தின் அடியில் மட்டும்தான் இருக்கும்.

நீங்கள் கூடப் பிறந்தவளாகவே வைத்திருந்த தங்கை,
வசந்தா