டெல்மார்தான் வேண்டும் என்கிறார்

7.11.81, சனி

கிடார் கடையில் இருந்தவர்கள் நான்கு பேர்: நான், என் வீட்டுக்காரர் இவர், மெல்லிசைக் குழு நடத்தும் அழகுமலை அண்ணன், கடைக்காரர். பின்னால் பேச்சு மாறக்கூடாது, அதனால் எழுதி வைக்கிறேன்.

இவருடைய பழைய பேஸ் கிடார் போன மாதம் வேன் மேலிருந்து விழுந்து, கழுத்தில் விரிசல் கண்டுவிட்டது. புதிது வாங்கித் தருவதாக அண்ணன் கூட்டிப்போனார். கடைக்காரர் ஜப்பான் கிடார் ஒன்றை எடுத்து, வாசித்துக் காட்டிக் கொடுத்தார். பலகை மாதிரி மெலிசு, நல்ல பளபளப்பு.

"சும்மா கும்முனு இருக்குல்ல!" என்றார் அண்ணன். எனக்கும் நன்றாகத்தான் கேட்டது. இவர் அதன் முனையில் தாடையை வைத்து ஒரு கம்பியைச் சுண்டினார். முகம் செத்துப்போயிற்று.

"இதுல உசுரு இல்லண்ணே. எனக்கு டெல்மார்தான் வேணும்."

பழையதும் டெல்மார்தான். கல்கத்தா கம்பெனி. பெட்டி மாதிரி உள்ளே வெற்றாக இருக்கும் பெரிய மர உடம்பு. எழுதிப் போட்டால் வர ஆறு மாதமாகும் என்றார் கடைக்காரர்.

"கிடார் வாங்க வந்தியா, கொஞ்ச வந்தியா மாப்ள? தாடையில வச்சு தேய்க்கிற!" என்றார் அண்ணன்.

எல்லோரும் சிரித்தோம். இவர் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் கழித்துச் சிரித்தார்.

10.11, செவ்வாய்

நானும்தான் காப்பித்தூளை ஒரே கடையில் வாங்குகிறேன். அங்கே இல்லையென்றால் வேறு வாங்கிக் குடிக்கிறோம். செத்தா போகிறோம்? ஒரு மரப்பெட்டி மேல் இவ்வளவு பிடிவாதம் ஆகாது. இவர் மனது இளக வேண்டுமென்று மாதாவுக்கு ஒன்பது நாள் ஜெபம், நவநாள் தொடங்கினேன்.

12.11, வியாழன்

சோறு போட்டு வைத்து மூன்று தரம் கூப்பிட்டேன். திரும்பவில்லை. கோபமாக்கும்.

15.11, ஞாயிறு

அண்ணன் வந்தார். ஜப்பான் கிடாரையே வாங்கி ஒத்திகைக்குக் கொண்டுவந்துவிட்டாராம். அவர் வந்து சொன்னபோது இவர் மளிகைக் கடைக்குப் போயிருந்தார்.

"தங்கச்சி, உன் வீட்டுக்காரன் தாளத்த விட்டுட்டு எங்கிட்டோ போறான். பாட்டு முடிஞ்ச பெறகும் வாசிச்சுக்கிட்டே இருக்கான். வேணும்னே பண்றான். அடுத்த மாசம் நாகமலை புதுக்கோட்டைல கச்சேரி. இதுல ஒழுங்கா வாசிச்சா அவன், இல்லைன்னா வேற கிடார்காரன் விருமாண்டியக் கூப்புட்டுக்கிருவேன். அப்பறம் என்னைக் குத்தஞ் சொல்லாத."

எங்கள் அடுப்பு எரிவது அந்தக் குழுவால். இவர் வேண்டுமென்றே செய்கிற ஆள் இல்லை. பின்னே என்ன? பேச்சும் வரவரத் தணிந்து போகிறது, பாவசங்கீர்த்தனக் கூண்டில் சாமியார் காதோடு பாவத்தைச் சொல்லுகிற மாதிரி.

16.11, திங்கள்

மனது ஒரு மாதிரி இருக்கிறது. எதனால் என்று சொல்லத் தெரியவில்லை.

18.11, புதன்



ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் இவர் முன்னால் நடந்தார், நான் பின்னால். ஒரு பஸ் திரும்பியது. ஹாரன் அடித்தான் — ரோடே திரும்பிப் பார்த்தது. இவர் பார்க்கவில்லை. பூ விற்கிற அம்மாள்தான் சட்டையைப் பிடித்து இழுத்தாள். டிரைவர் தலையை நீட்டி, "ஏய், வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா? காது என்ன அவிஞ்சா போச்சு?" என்று கத்தினான். இவர் அவனைப் பார்த்துச் சிரித்தார். கை வேறு ஆட்டினார். தெரிஞ்சவன்னு நெனச்சுட்டாரு. ஆண்டவரே.

சாயங்காலம் வீட்டில் விரிசல் விட்ட டெல்மாரை எடுத்து நெஞ்சோடு அணைத்து, தாடையை அதன் மேல் அழுத்தி, கண்ணை மூடி வாசித்தார். ஸ்பீக்கர் இல்லை. முகத்தில் அவ்வளவு நிம்மதி. பின்னால் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டேன். இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். பக்கத்து வீட்டு மலையம்மாள்தான், "என்னக்கா?" என்று எட்டிப் பார்த்தாள்.

இவருக்குக் காது கேட்கவில்லை. டெல்மார் கேட்டதற்குக் காரணம் பிராண்டும் இல்லை, ருசியும் இல்லை. அந்த ஒரு பெட்டிதான் அதிர்ந்து, தாடை எலும்புக்குள் போய் இவருக்குக் கேட்கிறது. தப்பான காரியத்துக்கு நவநாள் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

எழுமலையில் இருக்கும் இவருடைய கூடப்பிறந்த அண்ணனுக்குக் காது மந்தம் முப்பத்தைந்து வயதில் ஆரம்பித்தது. இப்போது தோளைத் தட்டித்தான் பேசவேண்டும். இவருக்கு முப்பத்தாறு.

21.11, சனி

இது உங்களுக்கு. வாயால் கத்திச் சொன்னால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும், உங்களுக்குக் கேட்காது. அதனால் எழுதி, உங்கள் தட்டுக்குப் பக்கத்தில் வைக்கிறேன்.

எனக்குத் தெரியும். எத்தனை நாளாக என் உதட்டைப் பார்த்தே பதில் சொல்கிறீர்கள் என்றுதான் தெரியாது. ஏங்க, எங்கிட்டக்கூடவா மறைக்கணும்?

கோவிலில் நர்ஸ் ஜோசபினிடம், யாருக்கென்று சொல்லாமல் கேட்டேன். எலும்பு வழியாகக் கேட்கிறதென்றால் ஆபரேஷன் செய்து பார்க்கலாமாம். சிலருக்குத் திரும்ப வரும், சிலருக்கு இருக்கிறதும் போய்விடும் என்றாள். அவள் சொன்னதில் எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. முடிவு உங்களுடையது. அழகுமலை அண்ணன் கச்சேரி வரைகூடப் பொறுக்கவில்லை; விருமாண்டி நாளையிலிருந்து ஒத்திகைக்கு வருகிறாராம்.

திங்கட்கிழமை ஜோசபின் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குக் காது டாக்டர் வருகிறார். என்னோடு வருவீர்களா, மாட்டீர்களா? இதற்குக் கீழேயே எழுதுங்கள். சீக்கிரம் பதில் வேணும்.