ஏறுகிற வண்டிக்கு

அட்டுவம்பட்டி

அன்பு மகளுக்கு,

ஜீப் சாவியைப் பிடுங்கிக்கொண்டு நீ கொடுத்துவிட்டுப் போன போனில், மலைப்பாதையில் லாரி ஓட்டும் விளையாட்டைத்தான் இப்போது ஆடுகிறேன். வளைவுகளை நன்றாகப் போட்டிருக்கிறார்கள். ஆனால் போட்டவனுக்கு மலை தெரியாது. ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டிதான் ஒதுங்கி வழிவிட வேண்டும். விளையாட்டிலும் அப்படித்தான் நிற்கிறேன். ஒவ்வொரு முறையும் நேரம் முடிந்து தோற்கிறேன்.

"நிக்காம போங்க பெரியவரே, அதுல யாரு கேக்கப்போறா?" என்று டீக்கடை இப்ராம்சா சிரிக்கிறான்.

"நான் கேப்பேன்லே" என்றேன்.

அன்று அடுக்கம் வளைவில் ஜீப் சாய்ந்ததும் ஏறி வந்த ஒருவனுக்கு ஒதுங்கியதால்தான். என் கண்ணைக் குறை சொல்லாதே.

நீ கூப்பிடுகிறாய் என்று மதுரைக்கு இறங்கி வர மாட்டேன். நீ ஏறி வா. எவ்வளவு நேரமானாலும் ஒதுங்கி நிற்கிறேன்.

உன் அப்பா