பச்சையாகத் தெரிந்த கூரை

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா வேளாவேளைக்கு மாத்திரை போடுகிறாரா? எனக்கு ஒரு குறையும் இல்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன்.

போன வாரம் ஒரு வேடிக்கை நடந்தது. மூன்று ஊர்களின் பூங்காக்களையும் ஏரிகளையும் இணைக்க, இருபுறமும் மரம் நட்டுப் போடப்போகும் பாதைக்கு நான்தான் வரைபடம் போடுகிறேன். செயற்கைக்கோள் படத்தில் பச்சையாகத் தெரிந்த இடங்களைக் கோர்த்துக் கோடு இழுத்தேன். நேரில் போனால், அந்தப் பச்சைகளில் ஒன்று பூசணிக்கொடி படர்ந்த வீட்டுக் கூரை! வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் வரைபடத்தை வாங்கிப் பார்த்தாள்.

"ஏம்மா, என் வீட்டு மேலயா மரம் நடப்போற? கொடிய அறுத்துப் போட்டாத்தான் உன் கண்ணுக்கு வீடு தெரியுமா?"

நான் சிரித்திருக்கலாம், மன்னிப்பாவது கேட்டிருக்கலாம். இரண்டும் வரவில்லை. கொஞ்ச நாளாக எதுவும் மனதுக்குள் இறங்குவதில்லை. "குறிச்சுக்கறேங்க" என்று மட்டும் சொன்னேன்.

மேலாளரிடம் சொன்னால், "ஒரு வீட்டுக்காகவா? கோடு நேராவே போகட்டும்மா" என்றார். அப்படியே அச்சானால் அந்த வீட்டை இடித்துவிடுவார்கள். இன்று காலை யாரையும் கேட்காமல் கோட்டை வளைத்து அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.

உங்கள் கட்டிலில் கிடக்கும் பழைய போர்வையை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நான் கூப்பிடும்போது, பேச ஒன்றுமில்லை என்றாலும் ஃபோனைத் துண்டித்துவிடாதீர்கள். அப்படியே அடுப்பு மேடையில் வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.

மேலாளர் அச்சான படத்தோடு என் மேசைக்கு வருகிறார். லேசாகப் பயமாக இருக்கிறது. நல்லதுதான் அம்மா, இத்தனை நாளாக அதுகூட இல்லை.

அவசரத்தில்,
உங்கள் மகள்