சுங்காய்க்கு முதுகு காட்டிய ஏரியல்

தோளில் பையை மாட்டிக்கொண்டே சரளா காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினாள். கணவர் விக்னேஸ்வரன் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தார்.

"என்னாங்க, சுங்காய்க்கு, உங்க தம்பி வீட்டுக்குப் போறேன். இன்னிக்கு அவரோட கருமாதி. நீங்க இல்லாம அந்த வீட்டுல முன்னுக்கு நின்னு செய்ய யாரு இருக்கா? நேத்தெல்லாம் சொல்லியாச்சு, இனிமே கெஞ்ச மாட்டேன்.

சோறு பானையில இருக்கு. சாம்பாரச் சூடு பண்ணிக்குங்க. காடிச் சாவி ஆணியில தொங்குது, மனசு மாறுனா ஓட்டிக்கிட்டு வாங்க. நான் பஸ்ஸுல போய்க்கிறேன்.

அன்னிக்கு மழையில அங்க போன் லைன் செத்துப்போச்சு. நெஞ்சப் புடிச்சிக்கிட்டு, ஆம்புலன்ஸுக்குச் சொல்லச் சொல்லி, தம்பி, நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிற ரேடியோவுல உங்களத்தான் கூப்பிட்டாரு. நீங்க அளவு டேப்ப வெட்டி பைப்புல கட்டுன ஏரியல் அலோர் ஸ்டார் பக்கம் பாத்துக்கிட்டு நின்னுச்சு. தூரத்து ஆளப் புடிக்கணும்னு நீங்கதான் திருப்புனீங்க. முன்னால உள்ளதுதான் அதுக்குக் கேக்கும், முதுகுக்குப் பின்னால கேக்காதுன்னு எனக்கே சொல்லிக் குடுத்தீங்க. தம்பிக்கு முதுகக் காட்டிட்டீங்கன்னு நேத்து நான் கத்துனது தப்பா இருக்கலாம், பொய் இல்ல லா.

- சரளா"

தாளை ஐஸ் பெட்டியில் ஒட்டியவள், வாசல்வரை போய்த் திரும்பி வந்து, அடியில் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கி எழுதினாள்:

"ஏரியலச் சுங்காய் பக்கம் திருப்பி வச்சிருக்கேன், தொடாதீங்க. 'ரேடியோவ அடைக்காத, ஓடட்டும், அண்ணே கேட்டுக்கிட்டுதான் இருப்பாரு'ன்னு சொல்லிட்டுத்தான் அவரு கண்ண மூடுனாராம். அவரு பொண்டாட்டி விமலா இன்னும் அடைக்கல."