அரை ஜக் தண்ணீர்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் இரண்டு கிளட்ச், ஒரு பிரேக். மதியம் தங்கச்சி தன் எலெக்ட்ரிக் காரோடு பட்டறைக்கு வந்தாள். வைப்பர் தேய்ந்துவிட்டதாம். வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்க்கிறவள். வண்டியில்தான் பாதி வாழ்க்கை.

பானட்டைத் திறந்தேன். வண்டியின் சூட்டைத் தணிக்கும் கூலன்ட், டப்பாவில் அளவு கோட்டுக்குக் கீழே கிடந்தது. குழாயில் அரை ஜக் தண்ணீர் பிடித்து ஊற்றினேன். இருபத்தெட்டு வருடமாகச் செய்வதுதானே.

“எஞ்சினே இல்லாத வண்டிக்கு எதுக்குண்ணா தண்ணி?”

“எல்லாத்துக்கும் தாகம் எடுக்கும்” என்று அடித்துவிட்டேன். சத்தியமாகத் தெரியாது.

ஏப்ரல் 1, புதன்

தங்கச்சியின் வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டது. பிரசவத்துக்குப் போகும் வழியில். பையைத் தூக்கிக்கொண்டு கடைசி இரண்டு தெருவும் ஓடியிருக்கிறாள். அவள் போய்ச் சேர்வதற்குள் குழந்தை பிறந்து, பக்கத்து வீட்டுக்காரி கையில் ஏந்தி நின்றாளாம். தாயும் பிள்ளையும் நலம். நலமாக இல்லாமல் போயிருந்தால்?

வண்டியைக் கட்டி இழுத்து இங்கே கொண்டுவந்தார்கள்.

“சார்ஜர்ல ஏதோ கோளாறு போலண்ணா” என்றாள்.

“இருக்கும்” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? டப்பாவைத் திறந்து பார்த்ததுமே நான் ஊற்றிய தண்ணீர் நினைவுக்கு வந்ததே. நீல நிறக் கூலன்ட் கலங்கிக் கிடந்தது.

ஏப்ரல் 2, வியாழன்

இன்று செய்த கூத்தை இங்கே மட்டும் எழுதுகிறேன். உள்ளே காற்று அடைத்திருக்கும் என்று நினைத்து, வண்டியை ஆன் செய்து, மூடியைத் திறந்துவைத்து, சூடாகிக் குமிழி வரட்டும் என்று காத்திருந்தேன். நாற்பது நிமிடம்.

மனைவி சாப்பாட்டோடு வந்தாள். “என்னங்க, யாருக்காக நிக்கிறீங்க?”

“எஞ்சின் சூடாகட்டும்னு...” சொல்லும்போதே உறைத்தது. அவள் சிரித்த சிரிப்பில் பட்டறையே அதிர்ந்தது.

சிரித்து முடித்ததும் முகத்தைப் பார்த்தாள். தண்ணீர் ஊற்றியதைச் சொன்னேன். “அந்தப் பஸ் டிப்போ பொண்ணைக் கூப்பிடுங்க. உங்க தங்கச்சிகிட்டயும் சொல்லிடுங்க” என்றாள்.

முதலாவதைச் செய்தேன்.

ஏப்ரல் 4, சனி

டிப்போவில் எலெக்ட்ரிக் பஸ் பார்க்கிற பெண் வந்தாள். எங்கள் தெருவில் அவளுக்குப் பெயர் ‘கையுறை’. ரப்பர் கையுறை போடாமல் எதையும் தொடமாட்டாள். முதலில் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, உள்ளே மிச்சமிருப்பது வடியட்டும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றாள். பிறகு, மின்சாரம் எவ்வளவு கடத்துகிறது என்று காட்டும் ஒரு மீட்டரைக் கூலன்டில் நனைத்தாள்.

“இதுல யாராவது குழாய்த் தண்ணி ஊத்தினாங்களா?”

தங்கச்சி கையைக் கட்டிக்கொண்டு எனக்கு நேர் எதிரே நின்றிருந்தாள்.

“நான்தான்.”

தங்கச்சி கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். “சார்ஜர்னு நான் சொன்னப்போ இருக்கும்னு சொன்னியேண்ணா” என்றாள். அவ்வளவுதான். நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

கையுறை காட்டினாள். ஒரு ஹோஸின் கிளிப் தளர்ந்து துளித்துளியாகக் கசிந்திருக்கிறது. அதனால்தான் அளவு குறைந்தது. அந்தத் துளி கீழே ஹீட்டருக்கு மின்சாரம் போகும் இணைப்பின்மேல் விழுந்திருக்கிறது. இந்த வண்டிக்கான கூலன்ட் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாதாம். குழாய்த் தண்ணீரில் உப்பு உண்டே! கடத்திவிட்டது. யாருக்கும் ஷாக் அடிப்பதற்கு முன்னால் வண்டியே அதைக் கண்டுபிடித்துத் தன்னை நிறுத்திக்கொண்டது. நான் செய்த முட்டாள்தனத்திலிருந்து என் தங்கச்சியைக் காப்பாற்றியது அந்த வண்டி. எழுதும்போதே மெய்சிலிர்க்கிறது.

இணைப்பைத் துடைத்துக் காயவைத்தாள், கிளிப்பை மாற்றினாள். அடித்தகட்டைக் கழற்றி ஒன்பது லிட்டரையும் வடித்து, உப்பு நீக்கிய தண்ணீரால் இரண்டு முறை அலசினோம். அதன் பிறகு நடந்ததுதான் விசேஷம். டப்பாவின் வாயில் ஒரு கருவியைப் பொருத்தி உள்ளே இருந்த காற்றை உறிஞ்சினாள். கை தடிமன் ஹோஸ்கள் என் கண்ணெதிரே சப்பிப் போயின. எங்காவது கசிந்து கருவியின் முள் இறங்குகிறதா என்று பத்து நிமிடம் பார்த்தாள். இறங்கவில்லை. திருகைத் திறந்ததும், கீழே வைத்திருந்த கேனிலிருந்து புதுக் கூலன்ட் யாரும் ஊற்றாமலே, சத்தமில்லாமல், தானே மேலேறியது. சப்பிய ஹோஸ் ஒவ்வொன்றாக உப்பி எழுந்தது. வெட்கத்தில் தலைகுனிந்து நின்றவன் அதை மறந்து வாயைப் பிளந்து பார்த்தேன்.

பம்பை லேப்டாப்பிலிருந்து ஓடவிட்டாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. “காதை விடுங்க, ஹோஸ்மேல கையை வைங்க” என்றாள். வைத்தேன். உள்ளங்கைக்குக் கீழே ஏதோ நகர்ந்துகொண்டிருந்தது.

திரையில் பேட்டரியின் ஒவ்வொரு பகுதியின் சூடும் தெரிந்தது. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது. உள்ளே இருபத்தாறு, இருபத்தாறு, இருபத்தேழு, இருபத்தாறு. இத்தனை வருடம் ஆவியும் கொதிப்பும் பட்டு முழங்கை வரை தழும்பு வாங்கியவன் நான். இப்படி ஓர் அமைதியைப் பார்த்ததே இல்லை.

“ஒரு மாசம் கழிச்சு அளவு பாருங்க” என்று தங்கச்சியிடம் சொன்னாள் கையுறை. தங்கச்சி என்னைப் பார்க்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

ஏப்ரல் 5, ஞாயிறு

தங்கச்சி போனை எடுக்கவில்லை.

ஏப்ரல் 14, செவ்வாய்

வீட்டுக்கு வந்து மனைவியோடு பேசிவிட்டுப் போயிருக்கிறாள், நான் இல்லாத நேரமாகப் பார்த்து. “இனிமே அண்ணன் கையால தண்ணி வாங்கிக் குடிக்கவே பயமா இருக்கு அண்ணி” என்றாளாம். மனைவி சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கையுறை வைத்திருந்ததைப் போல ஒரு மீட்டர் வாங்கினேன். பட்டறை ஜக்கை வீட்டில் செடிக்கு ஊற்றக் கொடுத்துவிட்டேன்.

மே 4, திங்கள்

கையுறையிடம்தான் போவாள் என்று நினைத்திருந்தேன். காலை ஏழு மணிக்குப் பட்டறை வாசலில் வண்டி நின்றது. சத்தம் வராததால் நான் பார்க்கவே இல்லை, ஹாரன் அடித்தாள்.

“ஒரு மாசம் ஆச்சு. அளவு பாரு.”

அன்று போலக் கையைக் கட்டிக்கொண்டு எதிரே நிற்பாள் என்று தயாராக இருந்தேன். பின்கதவைத் திறந்து ஏறி, பையைத் தலைக்கு வைத்துப் படுத்துவிட்டாள்.

“நேத்துலேருந்து ரெண்டு பிரசவம்ணா. அரை மணி நேரம் எழுப்பாத.”

அளவு கோட்டிலேயே இருந்தது. மீட்டரை நனைத்தேன், சரியாக இருந்தது. கிளிப்பைத் தடவினேன், ஈரமில்லை. ஹோஸின்மேல் கையை வைத்தேன். உள்ளே கூலன்ட் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தேன், வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள், சின்ன வயதில் தூங்கியதைப் போலவே.

அரை மணி நேரம் ஆகியும் எழுப்பவில்லை. தெருவே அதிர இரும்பில் கிரைண்டர் போட வேண்டிய வேலை ஒன்று இருந்தது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.